சுவரைப் பார்த்த பட்டன்கள்

முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் சத்தம் சட்டென்று நின்றது.

சமையலறையில் தேங்காய்ப்பாலைக் கிளறிக்கொண்டிருந்த இமாஸின் கையும் நின்றது. அந்த லேசர் மெஷினின் ஒவ்வொரு முனகலும் அவளுக்கு அத்துப்படி. வேலை நடக்கும்போது ‘ஸ்ஸிங்... ஸ்ஸிங்...’ என்று கத்தி தீட்டுவதுபோல் ஒரே சீராகப் போகும். வேலை முடிந்தால் இரண்டு முறை கூவும். இப்போது கூவவில்லை. மூடியைத் திறக்கும் கிறீச் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு ‘டர்ர்ர்ர்... டக்’ என்று மெஷினின் தலை மூலையில் போய் முட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தது.

"காங்! மெஷின்ல என்னத்தத் தொட்டீங்க?"

"ஒண்ணும் தொடலையே, நெங்!"

"தொடாமலா அது மூலைக்குப் போயிட்டு வருது?"

"அதுவா... தூசி. தூசி தட்டினேன்."

"தூசி தட்டறதுக்கு மெஷின் எதுக்கு நிக்கணும்?"

"நின்னாத்தானே தட்ட முடியும்!"

எங்கள் ஊரில் கணவரைக் ‘காங்’ என்றும் மனைவியை ‘நெங்’ என்றும் கூப்பிடுவது வழக்கம்; இவள் கணவருக்கோ பதில் சொல்லத் தெரியாத கேள்வியே உலகத்தில் கிடையாது. போய்ப் பார்த்துவிடலாம் என்றால் அடுப்பில் சந்து முழுவதற்குமான வாழைப்பழம் தேங்காய்ப்பாலில் வெந்துகொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் கிளறாமல் விட்டால் பால் திரிந்துபோகும். நாளை முதல் நோன்பு. இன்று மத்தியானம் சந்துக்காரர்கள் எல்லோரும் ஒரே வாழை இலையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் நாள். இனிப்பு இந்த வருடம் இமாஸின் பொறுப்பு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிளறினாள். அன்று அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பாண்டுங்கில் எங்கள் சந்து எவ்வளவு அகலம் என்றால், எதிர்வீட்டில் பெருங்காயம் போட்டால் நம் வீட்டில் தும்மல் வரும் என்பார்களே, அந்த அகலம். இங்கே பெருங்காயம் கிடையாது; பதிலாக இமாஸின் லேசர் புகை. மெஷினிலிருந்து ஒரு வளைகுழாய் ஜன்னல் வழியாக வெளியே வந்து, கொக்கோமின் பலகாரத் தள்ளுவண்டிக்கு நேர் மேலே வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

"அடியே இமாஸ்! உன் பெயின்ட்டு நாத்தத்துல என் கோஸ் பஜ்ஜி கறுப்பா போகுதுடி!" என்று கொக்கோம் அடிக்கடி வெளியிலிருந்து கத்துவாள்.

"கறுப்பாப் போறது உங்க எண்ணெயால, கொக்கோமக்கா. போன வெள்ளிக்கிழமை ஊத்தின எண்ணெய்தானே அது?"

"பேசுவ, பேசுவ. நாலு நிமிஷத்தார் பொண்டாட்டிதானே நீ!"

அந்த ஒரு சொல்லில் இமாஸின் தலை ஜன்னலுக்குள் போய்விடும்.  

நாலு நிமிடத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அதில் பங்குள்ளவள்தான்.

எங்கள் பள்ளிவாசலின் சுவரில் தொழுகை நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று வேண்டும் என்று போன வருடம் பேச்சு வந்தபோது, "நம்ம தார்யா இருக்கிறப்போ கடையில எதுக்கு?" என்றார் நிர்வாகத் தலைவர் ஹாஜி எங்கோஸ். தார்யா இமாஸின் கணவர். பழைய டிவிகளை உயிர்ப்பிப்பதே முப்பது வருடத் தொழிலாக இருந்தவர். சிவப்பு எண்கள் ஓட, தானே ஒரு கடிகாரம் செய்து மாட்டினார். சந்தே அண்ணாந்து பார்த்தது. அவர் மார்பை நிமிர்த்தி நடந்ததை அன்றுதான் நாங்கள் பார்த்தோம்.

முதல் நோன்பு. மாலை. கடிகாரம் கூவியது. தொழுகைக்கு அழைக்கும் மோதினார் பாங்கு சொன்னார். நான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டேன். கொக்கோம் இரண்டாவது பஜ்ஜியில் இருந்தாள். அப்போதுதான் தூரத்துப் பெரிய பள்ளிவாசலின் சங்கு ஊதியது. வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் சந்து முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்த அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நடந்தது இவ்வளவுதான். அதற்கு முந்தைய மாதம் தார்யா சிரெபோன் ஊர்க்காரர் ஒருவருக்கு அதே மாதிரி கடிகாரம் செய்து கொடுத்திருக்கிறார். கிழக்கே இருக்கும் அந்த ஊரில் சூரியன் எங்களுக்கு முன்பே விழுந்துவிடும். அந்த ஊரின் கணக்கை மாற்றாமல் அப்படியே எங்கள் கடிகாரத்திலும் ஏற்றிவிட்டார். நாலு நிமிடம். சந்து மொத்தத்துக்கும் ஒரு நாள் நோன்பு பாழ். பெருநாள் முடிந்து, பாழான நாளுக்கு ஈடாக எல்லோரும் களா நோன்பு பிடித்தோம். காலிவயிற்றோடு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற கொக்கோம், ஒவ்வொரு பஜ்ஜியையும் "நாலு நிமிஷம், நாலு நிமிஷம்" என்று சொல்லியே திருப்பிப் போட்டாள்.

கடிகாரம் பிசகிய அன்றிரவே தார்யா அதைக் கழற்றிக்கொண்டு போய்ப் பாலத்தின் மேலிருந்து சிக்காப்புன்டுங் ஆற்றில் வீசினார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் பள்ளிவாசல் வாசலை அதற்குப் பிறகு அவர் மிதிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை ஆனாலும் பாலத்தைக் கடந்து அக்கரைப் பள்ளிவாசலுக்குப் போவார். போகும்போது சந்துக்காரர்கள் கண்ணில் படாமலிருக்க மீன்சந்தைப் பக்கமாகச் சுற்றிப் போவார். மனுஷனுக்கு வெட்கம் வரலாம். ஒரு வருடமா?

"அந்தச் சுவருல என் கையால செஞ்சது ஒண்ணு சரியா ஓடுற வரைக்கும் அங்க நான் எப்படி நெங் போய் நிக்கிறது?" என்று கேட்டாராம் ஒரு நாள். இமாஸ் அதை என்னிடம் சொல்லும்போது கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அவள்தான் ஹாஜியிடம் போய் நின்றாள். "புதுசா நாங்க செஞ்சு தர்றோம், ஹாஜியாரே." அவர் தாடியை நீவினார். "சரிம்மா. நோன்புக்கு முந்தின ராத்திரி முதல் தராவீஹ் தொழுகை, அன்னிக்குச் சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வந்து பார்ப்பேன். ஓடினா நம்மது. ஓடலேன்னா அப்படியே கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டிடுவேன். ராத்திரி சுவரு காலியா இருக்கக் கூடாது." கடைக் கடிகாரம் ஒன்று அந்த ஆணியில் ஏறிவிட்டால் தன் கணவர் ஆயுசுக்கும் மீன்சந்தையைச் சுற்றித்தான் நடப்பார் என்பது இமாஸுக்குத் தெரியும்.

அவளுக்கு இந்த வேலை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். காருட் ஊர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். துணி ஆலையில் வெட்டும் பிரிவில் இருந்தாள். ஆலை ஆட்களைக் குறைத்தபோது, பழைய லேசர் மெஷின் ஒன்றை வாங்கி, கல்யாண வீடுகளில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் மரத்துண்டுகளில் மணமக்கள் பெயரைச் செதுக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள். அதே முன்னறையில் மறுபக்கம் தார்யாவின் பட்டறை. அவர் சர்க்யூட் போர்டு செய்வது பழைய முறை: வழுவழுப்பான பத்திரிகைத் தாளில் படத்தை அச்சடித்து, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பார். மை தகட்டுக்குப் போகும். யாருடைய இஸ்திரிப் பெட்டி? இமாஸுடையது. ஒரு நாள் அவளுடைய வெள்ளைத் தொழுகை அங்கியில் கன்னங்கரேலென்று ஒரு ஐசி சிப்பின் கால்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

அன்று அவள் போட்ட சத்தம் அக்கரை வரை கேட்டது. சத்தம் ஓய்ந்ததும் ஒரு செம்புத் தகட்டை எடுத்தாள். கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக் காயவைத்தாள். தன் மெஷினுக்குள் வைத்தாள். வேண்டாத இடத்தில் லேசர் பெயின்ட்டைச் சுட்டு எடுத்தது. வேண்டிய இடத்தில் பெயின்ட் அப்படியே நின்றது. செம்பை அரிக்கும் கரைசலில் போட்டதும் திறந்து கிடந்த செம்பு கரைந்துபோய், பெயின்ட்டுக்கு அடியில் இருந்த கோடுகள் மட்டும் மிஞ்சின. தலைமுடி அகலத்துக்குக் கோடு. தார்யா அதைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இஸ்திரியில இன்னும் நல்லா வரும்" என்றார்.

அதை அவர் இன்றைக்கும் சொல்கிறார்.

சாப்பாடு முடிந்து, இலைகளை வாரிப் போட்டுவிட்டு இமாஸ் முன்னறைக்கு வந்தபோது தகடு தயாராக இருந்தது. தார்யா அதைச் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, கரைசலில் ஊறவைத்து, துளைகூடப் போட்டு முடித்திருந்தார். பெயின்ட் நீங்கி, பளபளவென்று செம்புக் கோடுகள்.

"பார்த்தியா? நீ இலை எடுக்கிற நேரத்துல வேலையை முடிச்சுட்டேன்."

"கரைசலை எதுல ஊத்தினீங்க?"

"அது... ஒரு டப்பாவுல."

"எந்த டப்பா?"

பழுப்பு நிறம் ஏறிய டப்பா மேஜைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. அது இமாஸின் தங்கை கொடுத்த, மூடி இறுக்கமாக மூடும், ஊறுகாய் வைக்கும் டப்பா. இமாஸ் கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக விட்டாள். இன்று சண்டை வேண்டாம். இன்று கடிகாரம்.

முன்பே நிரலேற்றி வைத்திருந்த சிப்பை எடுத்தாள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஊர்ப் பெயரை மூன்று முறை சரிபார்த்துப் பாண்டுங் என்று ஏற்றிய சிப். அதன் முதல் காலுக்கு அருகே இருக்கும் சிறு பள்ளத்தைப் பார்த்து, போர்டின் மேல் பொருத்தப் போனாள். கை அந்தரத்தில் நின்றது.

போர்டைத் திருப்பினாள். மறுபடி திருப்பினாள். மின்சாரக் கோடு இடப்பக்கமிருந்து வர வேண்டும். அது வலப்பக்கம் இருந்தது. எல்லாமே கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் மாறியிருந்தது.

"காங்."

"ம்."

"கம்ப்யூட்டர்ல படத்தைத் திருப்பி வெச்சிருந்தேனே. அதைத் தொட்டீங்களா?"

தார்யா ஒரு திருகாணியைத் தேட ஆரம்பித்தார். தரையில் அப்படி எந்தத் திருகாணியும் இல்லை.

"தொட்டீங்களா, இல்லையா?"

"திருப்பி இருந்துச்சு. அதனால நேராக்கினேன்."

"யார் நேராக்கச் சொன்னது?"

"முப்பது வருஷமா நேராத்தானே நெங் அடிக்கிறேன்! படம் திருப்பி இருந்தா தப்பு இல்லையா?"

"அது தாள்! தாளைக் கவுத்து வெச்சு இஸ்திரி போட்டா படம் தானாத் திரும்பும்! லேசர் எதையும் கவுக்காது! நேரா இருக்கிறதை நேராவே சுடும்! அதனாலதான் நானே முன்கூட்டித் திருப்பி வெச்சேன்!"

  முப்பது வருடத்து இஸ்திரிப் பெட்டிகள் எல்லாம் ஒன்றாகத் தார்யாவின் மண்டையில் விழுந்ததுபோல் இருந்தது அவர் முகம்.

"சரி, விடுங்க. இன்னொரு தகடு பெயின்ட் அடிச்சு வெச்சிருந்தேன்ல, அதை எடுங்க."

தார்யா மறுபடி அந்தத் திருகாணியைத் தேடினார்.

"காங், அந்த இன்னொரு தகடு."

அவர் மெதுவாக எழுந்தார். சாய்வு நாற்காலியின் மெத்தைக்கு அடியில் கையை விட்டார். ஒரு தகட்டை வெளியே எடுத்தார். அதில் பெயின்ட்டே இல்லை. மொட்டையாக மின்னியது.

"இது முதல்ல ஓடிட்டிருந்தது," என்றார் சுவரைப் பார்த்து. "பாதியில நிறுத்திட்டு, இன்னொண்ணை வெச்சேன். நீ பார்த்தா கத்துவியேன்னு இதைப் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைச்சுட்டேன்."

"சரியா ஓடிட்டிருந்ததை நிறுத்தி, தப்பா ஓட விட்டு, சரியா இருந்ததை அழிச்சும் வெச்சீங்க."

"நீ சொல்றப்போதான் அப்படிக் கேக்குது."

பெயின்ட் டப்பாவைக் குலுக்கினாள். உள்ளே குண்டு மட்டும் கடகடவென்றது. தெருமுனைக் கடை நோன்புக்கு முந்தைய நாள் என்று மூடிக் கிடந்தது. கடைக்காரர் குடும்பத்தோடு சும்டாங்கிலிருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். திறந்திருந்தாலும் பெயின்ட் காய வேண்டும். ஹாஜியோ அஸர் முடிந்ததும் வந்துவிடுவார்.

"இஸ்திரி போட்டுப் பார்க்கலாமா?" என்றார் தார்யா மெல்ல.

"அச்சடிக்கிற கடையும் மூடியிருக்கு!" என்று இமாஸ் போட்ட சத்தத்தில் ஜன்னலுக்கு வெளியே கொக்கோமின் கரண்டி நின்றுபோனது. "ஒரு வருஷம்! ஒரு வருஷமா உங்களை அந்த வாசல்ல கொண்டுபோய் நிறுத்தணும்னு நான் தவிக்கிறேன். நீங்க என்னடான்னா... இது யாருக்காகன்னு நினைச்சீங்க? எனக்கா? என் வாசல்ல கல்யாண மரத்துண்டு வேலை வரிசையா நிக்குது! உங்களுக்காக! உங்க நாலு நிமிஷத்துக்காக!"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்துவிட்டதென்று அவளுக்குத் தெரிந்தது. கொக்கோம் சொன்னால் ஊர்ச்சொல். அவள் சொன்னால்?

தார்யா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். அழித்துப் போட்ட தகட்டை மடியில் வைத்துக்கொண்டு அதிலேயே தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இமாஸ் புடவைத் தலைப்பு இருந்தால் வாயில் திணித்துக்கொண்டிருப்பாள். இங்கே தலைத்துணியின் முனைதான். அதைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

கொஞ்ச நேரத்தில் ஈயம் உருகும் வாசனை வந்தது.

அவள் ஓடி வந்தாள். தார்யா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கெட்டுப்போன அந்தப் போர்டையே கையில் பிடித்திருந்தார். ஆனால் சிப்பை வழக்கமான பக்கம் வைக்கவில்லை. செம்புக் கோடுகள் இருக்கும் பக்கத்திலேயே, கோடுகளின் மேலேயே உட்கார வைத்திருந்தார். கால்களைச் சற்றே உயர்த்தி, ஒவ்வொன்றாக ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க!"

"கத்தாத. கை நடுங்கும்." ஒரு காலை முடித்தார். "படம்தானே திரும்பிடுச்சு? சிப்பை அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கத்துக்கு மாத்திட்டா அதுவும் திரும்பிடும். ரெண்டு தப்பும் சேர்ந்து நேராயிடும். இஸ்திரி காலத்துல தாளைத் தப்பா அடிச்சு எத்தனை தடவை இப்படி ஒப்பேத்தியிருக்கேன் தெரியுமா?"

"எத்தனை தடவை?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு."

இமாஸ் கிட்டே வந்து பார்த்தாள். முதல் கால் தன் கோட்டில் சரியாக உட்கார்ந்திருந்தது. மின்சாரக் கோடு வர வேண்டிய பக்கத்திலிருந்து வந்தது. அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் தன்னை அறியாமல் விளக்கை இழுத்து அவர் கைக்கு நேராகப் பிடித்தாள். அப்படி ஒருவர் வேலை செய்ய ஒருவர் விளக்குப் பிடித்து எத்தனை மாதமாயிற்று என்று இருவருமே யோசித்திருப்பார்கள். 

"பட்டன் எப்படி?" என்றாள்.

அங்கேதான் சிக்கல். நேரத்தை மாற்றும் பட்டன்கள் போர்டோடு ஒட்டி உட்காருபவை. செம்புப் பக்கம் வைத்தால் அவற்றின் அடியில் ஈயம் வைக்கச் சூட்டுக்கோல் நுழையாது. வேறு வழியில்லாமல் அவற்றை மட்டும் மறுபக்கமே வைத்தார். சிப் முன்பக்கம் பார்த்தது. எண்கள் முன்பக்கம் பார்த்தன. பட்டன்கள் மட்டும் பின்பக்கம் திரும்பி நின்றன.

"கடிகாரத்தைச் சுவருல மாட்டினா பட்டன் சுவரைப் பார்த்து நிக்கும்," என்றாள் இமாஸ். "நேரம் மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் கழட்டணும்."

"அதனாலென்ன? யார் மாத்தப் போறா?"

அவள் செதுக்கி வைத்திருந்த மரப்பெட்டியில் எல்லாவற்றையும் பொருத்தினார்கள். மின்சாரம் கொடுக்கும்போது தார்யா கண்ணை இறுக மூடிக்கொண்டார். இமாஸ் மூடவில்லை. சிவப்பு எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன.

கதவு தட்டப்பட்டது.

ஹாஜி எங்கோஸ் சலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். முழங்கால் வலி, நாற்காலியில் மெதுவாகத்தான் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கைபேசியையும் பார்த்தார். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் தார்யா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். 

"எந்த ஊரு நேரம்?"

"பாண்டுங், ஹாஜியாரே," என்றாள் இமாஸ். "சத்தியமா பாண்டுங்."

"நீ சொன்னா சரி." பெட்டியைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "தொழுகை ஆரம்பிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் இருக்குன்னு இறங்குவரிசையில காட்டணுமே? அதைக் கூட்டிக் குறைக்கிற பட்டன் எங்க?"

இமாஸ் தார்யாவைப் பார்த்தாள்.

"எங்கன்னு கேட்டேன்."

"பின்னாடி," என்றார் தார்யா, தன் கால்விரல்களிடம்.

"பின்னாடின்னா? சுவரைப் பார்த்தா?"

"ஆமா."

ஹாஜி கடிகாரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். "அட என்னப்பா இது! தினமும் கூட்டக் குறைக்க வேண்டியிருக்கும். முதல் வாரம் ரேடியோ நேரத்தோட சரிபார்க்கவும் வேணும். ஒவ்வொரு தடவையும் ஏணி போட்டு ஏறி, கழட்டி, அமுக்கி, மாட்டணுமா? என் முட்டியைப் பார்த்தியா? மோதினாருக்கு என்னைவிட வயசு. யாரு ஏறுவா?"

இமாஸ் வாசலைப் பார்த்தாள். போயிற்று. இதோ எழுந்திருக்கப் போகிறார். கடைக்குப் போகப் போகிறார். ஒரு பட்டன்! ஒரு பாழாய்ப்போன பட்டன்!

"யாரு சுவரைப் பார்த்து வெச்சாங்களோ அவங்களே ஏறட்டும்!"

ஜன்னலில் கொக்கோமின் தலை. புகைக்குழாயை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, எண்ணெய்க் கரண்டியோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

"உங்களை யாரு கேட்டா?" என்றாள் இமாஸ்.

"கேட்டாத்தான் சொல்லணுமா? காலையிலேருந்து உங்க ரெண்டு பேர் சண்டையையும் இலவசமாக் கேட்டுட்டு நிக்கிறேன்."

ஹாஜி தாடியை நீவினார். பார்வை தார்யாவின் மேல் நின்றது. "அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நோன்பு முடியற வரைக்கும் தினமும் சாயங்காலம் மஃரிபுத் தொழுகைக்கு முன்னாடி நீ வரணும். ஏறணும், பார்க்கணும், மாத்தணும். சம்மதம்னா இதை மாட்டலாம். இல்லேன்னா நான் கடைக்குப் போறேன்."

"நானா? நான் அங்க..." தார்யா சுவரோடு இன்னும் ஒட்டினார். "எல்லாரும் இருப்பாங்க, ஹாஜியாரே."

"பள்ளிவாசல்ல எல்லாரும் இல்லாம? வெறும் சுவரா இருக்கும்?"

"நாலு நிமிஷம்னு சொல்வாங்க."

"சொல்லத்தான் செய்வாங்க. ஒரு நாள் பட்டினி கிடந்தவங்க சொல்லாம இருப்பாங்களா? நானே சொல்வேன்." ஹாஜி கைத்தடியை ஊன்றினார். "ஆனா ஒரு வருஷமா உன் இடத்துல வேற யாரும் நிக்கல தம்பி. அந்தத் தூணுக்குப் பக்கத்துல, மின்விசிறிக்குக் கீழ. நல்ல காத்து வர்ற இடம். ஆனாலும் யாரும் நிக்கல. எனக்கே ஆச்சரியம்தான்."

 தார்யா மூக்கை உறிஞ்சினார். கையால் முகத்தைத் துடைத்தார். விரலில் இருந்த கறுப்பு மூக்கில் தீற்றிக்கொண்டது.

"ஏணி இருக்கா அங்க?" என்றார்.

"ஏணி இருக்கு. ஏறத்தான் ஆள் இல்ல."

ஹாஜி எழுந்து வாசலுக்கு நடந்தார். கடிகாரத்தைத் தூக்கவில்லை, அது தன் வேலை இல்லை என்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தார்யா பெட்டியை எடுத்தார். மேஜையில் வைத்தார். மறுபடி எடுத்தார். "நாளைக்குக் காலையில கொண்டுபோய் மாட்டினா..." என்று ஆரம்பித்தார்.

இமாஸ் கதவுக்குப் பின்னால் தொங்கிய கறுப்புத் தொப்பியை எடுத்து, அவர் தலையில் அமுக்கி வைத்தாள். தலைத்துணி முனையால் அவர் மூக்கில் இருந்த கறுப்பை அழுத்தித் துடைத்தாள், வலித்திருக்கும். அவர் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

"நெங், அவங்க ஏதாவது சொன்னா..."

"பதில் சொல்லுங்க. உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி இருக்கா என்ன?"

ஹாஜி முன்னால் போனார். பின்னால் தார்யா, குழந்தையை ஏந்துவதுபோல் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். கொக்கோம் தள்ளுவண்டியைச் சற்று நகர்த்தி வழிவிட்டாள். வாய் சும்மா இருக்கவில்லை. "ஏணியில நாலு படிதான் ஏறணும், நாலே நாலு!" என்றாள். தார்யா திரும்பி ஏதோ சொன்னார். என்னவென்று கேட்கவில்லை. ஆனால் கொக்கோம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சந்து முனைவரை போய்த் திரும்பி வந்துவிடக்கூடியவர் தன் கணவர் என்பது இமாஸுக்குத் தெரியாதா? கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள். கதவிலேயே சாய்ந்து, இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சத்தமில்லாமல் அழுதாள்.

அழுது முடிப்பதற்குள் கதவு தட்டும் சத்தம்.

"நெங்! ரெண்டும் இடது கால் செருப்பு. மாத்திப் போட்டுட்டேன் போல. கொஞ்சம் கதவைத் திற."

"அப்படியே போங்க!" என்று கத்தினாள் இமாஸ். கதவு திறக்கவில்லை.